இடுப்பில் கட்டிய நான்கு ப்ளோட்கள்

எங்கள் வீட்டில் ப்ளோட் என்ற சொல் விழாத நாள் கிடையாது. நான் ராஜபாளையத்தில் ப்ளம்பர். மாடித் தொட்டி நிரம்பியதும் தானாகக் குழாயை அடைக்கிறதே, ஒரு பந்தும் கம்பியும் சேர்ந்த சாமான், அதுதான் என்னுடைய ப்ளோட். அது மிதந்துகொண்டிருக்கிற வரைக்கும் ஒருவருக்கும் அதன் நினைப்பு வராது. பந்தில் விரிசல் விட்டுத் தண்ணீர் புகுந்து அது முங்கிப்போனால், தொட்டி வழிந்து தெருவில் ஓடும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், என் செல்போன் அலறும்.

என் மனைவி, பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட்டில் துணி பார்க்கிறவள். நெய்து வந்த துணியை விளக்கு வெளிச்சத்தில் மேசைமேல் இழுத்து இழுத்துக் குற்றம் கண்டுபிடிப்பது அவள் வேலை. அங்கேயும் ப்ளோட் உண்டு. நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் ஒன்று அறுந்து பக்கத்து நூல்களோடு சிக்கிக்கொண்டால், குறுக்கே ஓடுகிற நூல் கீழும் மேலும் போய்ப் பின்னாமல் அந்த இடத்தில் சும்மா மேலாக மிதந்து போய்விடும். அதற்கு ஷெட்டில் ப்ளோட் என்று பெயர். அது கண்ணில் பட்டால் துணி ஓரத்தில் ஒரு சிவப்பு நூலை முடிந்து வைப்பாள். பதினெட்டு வருடமாகக் குற்றம் பார்த்துப் பழகிய கண், வீட்டுக்கு வந்ததும் என்மேல் திரும்பும்.

"இன்னைக்கு எம்புட்டு ப்ளோட்டு?" என்று நான் கேட்பேன்.

"உங்களுக்கென்ன, ப்ளோட்டு கெட்டா ஊரே உங்களைத் தேடுது. எனக்கு ப்ளோட்டு வந்தா வசவுதான் வருது" என்பாள்.

மூன்றாவது ப்ளோட், மச்சானுடையது. மச்சான் என்றால் என் மனைவியின் கூடப்பிறந்தவன் இல்லை. சேத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற என் சினேகிதன். கல்யாணமான புதிதில் என் மனைவி அவனை "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டாள், அன்றிலிருந்து நான் அவனுக்கு மாப்பிள்ளை, அவன் எனக்கு மச்சான். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய்க் கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பான். பழைய ரப்பர் செருப்பை வெட்டித் தேய்த்துத் தக்கை செய்வான், அதுதான் அவனுடைய ப்ளோட். தக்கை லேசாக ஆடினால் மீன் மோந்து பார்க்கிறது, சட்டென்று முங்கினால் கவ்விவிட்டது என்று அவன் எனக்கு விளக்கியதை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். நானும் பக்கத்தில் உட்காருவேன். ஆனால் அரைமணி நேரத்துக்கு மேல் எனக்குப் பொறுமை கிடையாது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்துவிடுவேன். மீன்கள் ஓடிவிடும். மச்சான் தூண்டிலைச் சுருட்டுவான்.

அவனுக்கு நீந்தத் தெரியாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தோப்பில் சொந்தக் கிணறு இருக்கிறது, ஐம்பது வயது தாண்டிவிட்டது, முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் முகம் வெளுத்துப்போகும். ஏன் என்று கேட்டால், "பயம் மாப்ள, அம்புட்டுத்தான்" என்பான். காரணம் எதுவும் ஜோடிக்க மாட்டான். நான் விடுவேனா? எங்கே நாலு பேர் கூடினாலும் அவன் கிணற்றுப் படியில் உட்கார்ந்தபடியே இறங்குவதை நடித்துக் காட்டுவேன். கல்யாண வீட்டில், டீக்கடையில், ஒரு தடவை அவன் மகளுக்கு நிச்சயம் பண்ண வந்த சம்பந்தக்காரர்கள் முன்னால்கூட. எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்துவிட்டுக் காபி டம்ளரைப் பார்ப்பான். அதை நினைத்தால் இப்போது என்மேல் எனக்கே கோபம் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

போன வருடம் அவனுடைய கன்றுக்குட்டி கிணற்றில் விழுந்துவிட்டது. பக்கத்துத் தோப்பில் வேலை பார்த்தவர்கள் ஓடிவந்து கயிறு போட்டு மீட்டார்கள். அவர்கள் வருகிற வரை மச்சான் மேலே நின்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறான். மறுநாள் என் வீட்டு வாசலில் மோட்டார் பைக்கை நிறுத்தினான்.

"மாப்ள, எனக்கு நீச்சல் பழக்கி விடு."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான்."

எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிற முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன்பு சுரைக்குடுக்கை, இப்போது எண்ணெய் வாங்குகிற பிளாஸ்டிக் கேன். மூடியை இறுக்கி, நெஞ்சோடு சேர்த்து முதுகில் கட்டிவிடுவார்கள். கொஞ்சம் பழகியதும் பிள்ளைக்குத் தெரியாமல் கேனுக்குள் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றுவார்கள். அடுத்த வாரம் நாலு டம்ளர். ஒரு நாள் கேன் நிறையத் தண்ணீர் இருக்கும், பிள்ளை அது தெரியாமல் நீந்திக்கொண்டிருக்கும். என்னை அப்படியெல்லாம் பழக்கவில்லை. தாய்மாமன் தூக்கிக் கிணற்றில் போட்டார், நான் மேலே வந்தேன். அதனால் கேன் கட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். மச்சான் முதுகில் கேனைக் கட்டிய அன்றைக்கு நான் செய்த கேலியை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. அவன் கேட்டுக்கொண்டான், கேனையும் கட்டிக்கொண்டான். இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை மோட்டார் பைப்பில். இப்படி இரண்டு ஞாயிறு போயின.

மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் நான் விழுந்துவிட்டேன். செட்டியார்பட்டியில் ஒரு வீட்டு மாடித் தொட்டியில் ப்ளோட் மாற்றப் போயிருந்தேன். பழைய பந்தைக் கழற்றிக் கையில் எடுத்தேன், ஏணியின் அடிப்பக்கம் வழுக்கியது. இடது தோள்பட்டை தரையில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது.

கட்டுப் பிரித்த பிறகு கை மார்புக்கு மேலே எழும்ப மறுத்தது. எலும்பு கூடிவிட்டது, தோள் மட்டும் இறுகிப்போயிருந்தது. தலை சீவ முடியாது. சட்டைப் பித்தானை மனைவி போட்டுவிடுவாள். ப்ளம்பருடைய வேலையில் பாதி, கையைத் தலைக்கு மேலே தூக்கிச் செய்கிற வேலை. தொட்டிக்குள் கையை விட வேண்டும், பைப்பை அண்ணாந்து பிடித்து மரை ஏற்ற வேண்டும். செல்போன் அடித்தால் "ஆள் இல்லை" என்று சொல்லச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன். இந்தக் கை இனி அவ்வளவுதானோ என்ற பயம் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

டாக்டர் ஒரு யோசனை சொன்னார். தண்ணீருக்குள் கையை அசைத்துப் பழகுங்கள், தண்ணீரே பாதி பாரத்தைத் தாங்கும், கை தானாக மேலே வரும் என்றார். மச்சானுக்கு இது தெரிந்ததும் உடனே வந்தான்.

"கெணறு நெறஞ்சு கெடக்கு மாப்ள. என் கேனைக் கட்டிக்கோ. கவலையில்லாம மெதந்துக்கிட்டே கையை ஆட்டலாம்ல."

"எலே, நான் கேன் கட்டவா? போடா."

அவன் போகவில்லை. "யோசிச்சுப் பாரு" என்றான். யோசித்தேன். ஒற்றைக் கையோடு கேன் இல்லாமல் இறங்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்து காட்டியவன் நான். பக்கத்துத் தோப்புக்காரர்கள் பார்ப்பார்கள். நான் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்த கூட்டமெல்லாம் நாளைக்கு என்னை நடித்துக் காட்டும்.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் தெப்பம் பார்க்கப் போனோம். மனைவிக்கு நேர்த்திக்கடன் மாதிரி, குளத்தில் தண்ணீர் இருக்கிற வருடம் தெப்பத்தைத் தவற விட மாட்டாள். பகலிலேயே போய்ப் படிக்கட்டில் இடம் பிடித்துவிட்டோம். அவள் கும்பிடத் தயாராக இருந்தாள். நான் தெப்பத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலி டிரம்களை வரிசையாகக் கட்டி, மேலே கட்டைகள் போட்டு, அதற்குமேல் அவ்வளவு பெரிய மண்டபம். பட்டும் பூவும் சுற்றிவிட்டால் டிரம் இருப்பதே தெரியாது. எனக்கு அந்த இடத்தில் மூளை வேலை செய்தது. காற்றடைத்த டிரம் மண்டபத்தையே தாங்குகிறது. காற்றடைத்த பந்து என்னைத் தாங்காதா? வெளியே தெரியாமல் கட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? என்னிடம் இல்லாத பந்தா!

வீட்டுக்கு வந்து சாமான் பையைத் திறந்தேன். பெரிய தொட்டிகளுக்குப் போடுகிற ப்ளோட் பந்துகள் நான்கு, ஒவ்வொன்றும் சின்னத் தேங்காய் அளவு. கம்பி மாட்டுகிற துளைகளை எம்சீல் பசை வைத்து அடைத்தேன். நைலான் கயிற்றில் கோத்து இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். மேலே தொளதொளவென்று ஒரு சட்டை. கண்ணாடியில் பார்த்தால் தொப்பை போட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு ப்ளோட்டை நான் பொருத்தியதில்லை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் போனோம். மனைவியும் கூட வந்தாள், என்னைத் தனியாக விட அவளுக்கு மனசில்லை. கிணற்று மேட்டில் தென்னை ஓலைகளைப் போட்டு உட்கார்ந்து, துடைப்பத்துக்கு ஈர்க்கு கிழித்துக்கொண்டிருந்தாள். மச்சான் கேனோடு மேல் படியில் நின்றான்.

"கட்டிவிடவா?"

"தேவையில்ல. நீ கட்டிக்கோ, பச்சப்புள்ள."

"சட்டையோடயா எறங்குற?"

"குளிருதுடா."

நல்ல வெயில். அவன் என் தொப்பையை ஒரு தடவை பார்த்தான். நான் மெதுவாக இறங்கியிருக்கலாம். அப்படி இறங்கியிருந்தால் படியைப் பிடித்துக்கொண்டே விஷயத்தைப் புரிந்துகொண்டிருப்பேன். ஆனால் பார்க்க இரண்டு பேர் இருந்தார்கள். ஏழாவது படியில் நின்று குதித்தேன்.

தண்ணீருக்குள் போனதும் சட்டை மேலே ஏறியது, பந்துகள் நான்கும் கயிற்றோடு சறுக்கிக்கொண்டு பின்பக்கம் போய் ஒன்றாகச் சேர்ந்தன. ப்ளோட்டுக்குத் தெரிந்த ஒரே வேலை மேலே வருவது. அது மேலே வந்தது, என் இடுப்பையும் கூட்டிக்கொண்டு. தலை கீழே போனது. தொட்டித் தண்ணீருக்கும் பந்துக்கும் உள்ள சங்கதி எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பந்தை எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. வலது கையால் துழாவினேன். இடது கை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கால்கள் காற்றில் உதறுவது தெரிந்தது. மூக்கில் தண்ணீர் ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், சாமி நினைப்பு வரவில்லை, பிள்ளைகள் நினைப்பு வரவில்லை. சட்டையைப் பித்தான் போடாமல் வந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

பிறகு ஏதோ பெரிதாக விழுந்த அதிர்வு. என் கணுக்காலை யாரோ பிடித்தார்கள். இழுத்தார்கள், முழங்காலைப் பிடித்தார்கள், சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பினார்கள். கண்ணைத் திறந்தபோது கல்படியில் மார்பு இடிக்கக் கிடந்தேன். மச்சான் எனக்குப் பக்கத்தில் ஒரு கையால் படியையும் மறு கையால் என் காலரையும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கேன் அவன் கக்கத்தில் இருந்தது. பந்துகள் நான்கும் என் முதுகுக்குப் பின்னால் பளிச்சென்று மிதந்தன.

எனக்கு அப்போது அவன் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்துப் பந்துகளை ஒவ்வொன்றாக மேல்படியில் எடுத்து வைத்தான்.

"எப்படிடா வந்த?" என்றேன், பேச்சு வந்ததும்.

"வழுக்கி விழுந்துட்டேன் மாப்ள. நல்லவேளை, கேனு கையில இருந்துச்சு."

மேலே பார்த்தேன். என் மனைவி மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் சேத்தூரிலிருந்து வீடு வரும்வரை திட்டு விழும் என்று எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினாள். அப்போதுதான், "நான் ஷெட்டுல கண்டுபிடிச்ச ப்ளோட்டுலயே பெரிய ப்ளோட்டு நீங்கதான்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அடுத்த ஞாயிறு நானே போய் மச்சான் முன்னால் முதுகைக் காட்டி நின்றேன். அவன் கேனைக் கட்டிவிட்டான். "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டான், விரலை விட்டுப் பார்த்தான். அவனும் தன் கேனைக் கட்டிக்கொண்டு கூடவே இறங்கினான். பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன, ரெண்டு பச்சப்புள்ளையும் குளிக்குதா?" என்றார். எனக்குக் காது சுட்டது. மச்சான் பழகியவன், "நீரும் வாரும், கேனு இருக்கு" என்றான். நான் மிதந்தபடியே இடது கையைத் தண்ணீரில் விட்டேன். டாக்டர் சொன்னது பொய்யில்லை. முதல் வாரம் தோள் அளவுக்கு வந்தது. நாலு வாரத்தில் காதைத் தொட்டேன். மச்சான் அதற்குள் பைப் கயிறு இல்லாமல் கிணற்றைக் குறுக்கே கடக்கக் கற்றுக்கொண்டான், கேனோடுதான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் மனைவியிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். மச்சான் தேறிவிட்டான், அடுத்த வாரம் கேனில் தண்ணீர் ஊற்றப்போகிறேன், அவனுக்குத் தெரியாமலேயே நீந்த வைத்துவிடுவேன் என்றேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவுக கேனு இல்லாமத்தான குதிச்சாக" என்றாள்.

"எப்போ?"

அவள் கையை நிறுத்தினாள். வாய்தவறிச் சொல்லிவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். என் கால்கள் மேலே தெரிந்ததும் மச்சான் கேனைப் படியில் போட்டுவிட்டு அப்படியே பாய்ந்துவிட்டான். இடுப்பில் கயிறும் இல்லை. முதலில் அவனும்தான் முங்கினான். இவள் ஓடி இறங்கிக் கேனை அவன் பக்கம் எறிந்திருக்கிறாள், இரண்டாவது தடவை அவன் மேலே வந்தபோது அது கையில் சிக்கியிருக்கிறது.

"ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

"அண்ணன்தான் சொல்ல வேண்டாம்னாக. நீங்க பின்னாடி இருமிக்கிட்டு இருக்கையில, 'தங்கச்சி, இது நமக்குள்ள இருக்கட்டும்'னு சொன்னாக. அன்னைக்கு ரெண்டு பேரும் போயிட்டீங்கன்னே நெனச்சேன்."

அவள் திரும்பவும் கீரையை எடுத்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன், திரும்பி உள்ளே வந்தேன், மறுபடி வாசலுக்குப் போனேன். சம்பந்தக்காரர்கள் முன்னால் நான் நடித்துக் காட்டியது, அவன் காபி டம்ளரைப் பார்த்தது, எல்லாம் வரிசையாக வந்தது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவன் மேல்படியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தான். நான் வண்டியை நிறுத்திவிட்டு நேரே போய்க் கேட்டேன்.

"எலே, நீச்சலும் தெரியாம எதுக்குடா குதிச்ச?"

அவன் தண்ணீரைப் பார்த்தான். "தங்கச்சி சொல்லிருச்சா?"

"எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"யோசிச்சிருந்தா குதிச்சிருக்க மாட்டேன் மாப்ள. இப்ப நெனச்சாலும் பயமா இருக்கு." பிறகு, "உங்கிட்டச் சொன்னா, அதான் ஒருதடவ குதிச்சிட்டல்ல, இன்னொருதடவ குதின்னு உசுர எடுப்ப. என்னால ஏலாது" என்றான்.

அவன் சொன்னது சரிதான். நான் அப்படியேதான் சொல்லியிருப்பேன்.

பக்கத்தில் கிடந்த அவன் கேனை எடுத்தேன். உள்ளே தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை என்று குலுக்கிப் பார்த்துக்கொண்டேன். மூடியை இறுக்கினேன். அவனைத் திரும்பி நிற்கச் சொன்னேன். என்னைவிட அவன் உயரம். இடது கையை என் தலைக்கு மேலே தூக்கி, கயிற்றை அவன் தோளைத் தாண்டிப் போட்டு, இரண்டு கையாலும் முடிச்சுப் போட்டுவிட்டேன்.